மணல் இல்லாத தீவில் ஒரு வாரம் என்ன செய்வது?

வணக்கம். இந்த வாரம் வந்த ஒரு கேள்வி இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "போர்ச்சுகலின் மதெய்ரா தீவுக்கு ஒரு வாரம் போகிறோம். அங்கே மணல் கடற்கரையே கிடையாதாமே? கடற்கரை இல்லாத தீவில் என்னதான் செய்வது? டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா?"

ரத்து செய்துவிடாதீர்கள், ஐயா. முதலில் கேட்டதற்குப் பதில். அது எரிமலைத் தீவு. கரை பெரும்பாலும் கறுப்புப் பாறையும் கூழாங்கல்லும்தான். கல்யேட்டாவில் மஞ்சள் மணல் இருக்கும், ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. நீந்த வேண்டுமானால் வடமேற்கு மூலையில் போர்ட்டோ மொனிஸ் என்ற ஊர். எரிமலைக் குழம்பு இறுகி உருவான குளங்களில் கடல் தானாக வந்து நிரம்பும். அசல் மணல்தான் வேண்டும் என்றால் பக்கத்துத் தீவு போர்ட்டோ சாந்தோ. கப்பலில் இரண்டரை மணி நேரம், 9 கிலோமீட்டருக்கு மணல். சரி, பதில் முடிந்தது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "அந்தத் தீவில் தண்ணீர் எப்படி ஓடுகிறது?" என்பது. சிரிக்காதீர்கள். எங்கே ஆரம்பித்தாலும் நான் கடைசியில் வாய்க்காலில்தான் போய் நிற்பேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும்.

நடுவில் 1,862 மீட்டர் வரை மலை. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரம் எல்லாம் வடக்குச் சரிவிலேயே இறங்கிவிடுகிறது. வெயிலும் விளைநிலமும் தெற்கே. 15ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்பு போட்டவர்கள் அடிமைகளையும் வைத்து மலையைக் குடைந்து தண்ணீரைத் தெற்கே திருப்ப ஆரம்பித்தார்கள். அந்த வாய்க்காலுக்கு லெவாடா என்று பெயர். இன்றும் அதில்தான் வாழைக்குத் தண்ணீர் பாய்கிறது.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் வாட்டம் மிகக் குறைவு. பராமரிப்பவர் நடக்க வாய்க்காலை ஒட்டியே ஒற்றையடிப் பாதை. அப்படியானால் அந்தப் பாதையும் சமதளம்தானே? மலை நடுவில், ஏறாமல் இறங்காமல், மணிக்கணக்கில் நடக்கலாம். முழங்கால் வலிக்காரரான என் மனைவியே கால்தெய்ரோ வெர்தே அருவி வரை போய் வந்தார், ஒரு பக்கத்துக்கே ஆறு கிலோமீட்டருக்கு மேல். மறுபடியும் சொல்கிறேன், சமதளம்! ஆனால் சில இடங்களில் பாதை ஓரடி அகலம்தான், அந்தப் பக்கம் பாதாளம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். வழியில் சுரங்கங்கள் வரும், குனிந்துதான் போக வேண்டும். கையில் டார்ச், காதில் பக்கத்து வாய்க்காலின் சலசலப்பு, பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

சுற்றிலும் லாரிசில்வா என்ற பசுமை மாறாக் காடு. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இலைகள் மூடுபனியைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன, லெவாடாவுக்கு அதுவும் ஒரு ஊற்றுக்கண். 'மதெய்ரா' என்றாலே போர்ச்சுகீசியத்தில் மரம் என்றுதான் பொருள். தெற்கே இருந்த மரத்தையெல்லாம் வெட்டியும் எரித்தும் தீர்த்தார்கள், அது வேறு கதை.

ஒரு நாள் தெற்கே போன்ட்டா தோ சோல் பக்கம், வாழைத்தோப்பு ஓரமாக நின்றிருந்தோம். ஒரு பெரியவர் வந்தார். இரும்புத் தகட்டைத் தூக்கினார், பக்கத்து மடையில் கந்தல் துணியை அடைத்தார், தண்ணீர் திரும்பியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். இப்படித் தண்ணீர் திருப்பிவிடுவதற்கென்றே அங்கே ஆள் உண்டு, லெவாதெய்ரோ என்பார்கள். முறை வைத்துத்தான் தண்ணீர். உங்கள் முறை நடுராத்திரி வந்தாலும் எழுந்து போக வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. பூண்டு வெண்ணெய் தடவிய போலோ தோ காக்கோ ரொட்டியை விடாதீர்கள். சந்தையில் மட்டும் கொஞ்சம் உஷார். ஒரு கடையில் அன்னாசியும் வாழையும் கலந்த மாதிரி ருசிக்கும் பழம் என்று கரண்டியில் ஒரு துண்டு நீட்டினார்கள். தேன்! முழுப் பழம் வாங்கினேன், விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே இருக்கும் பச்சைச் செதில் தானாக உதிர்ந்தால்தான் பழுத்தது என்று அர்த்தமாம். நான் அன்று இரவே வெட்டித் தின்றேன். நாக்கெல்லாம் முள் குத்தின மாதிரி ஆகிவிட்டது.

அன்னாசி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்ததுதான். விடுதிக்கார அம்மா 'ஷாவ்' என்று நீட்டியது சாவி. 'ஜனேலா'வைத் திறந்துகாட்டினார், ஜன்னல். 'மேசா' மேல் ஒரு தட்டு நிறைய வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே, இருட்டில், வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

டார்ச்சும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. சரி, அடுத்த கேள்வி.