கதையில வர்ற கிராமத்துல எத்தனை பேரு?

வணக்கம் நேயர்களே. கதை எழுதுறவங்களும் கேம் டிசைன் பண்றவங்களும் ஒரு விவசாய கிராமத்தை உருவாக்கும்போது எடுத்த எடுப்புல மக்கள்தொகையைத்தான் எழுதுறாங்க, ஆயிரம்னு ஒரு நம்பரைப் போட்டுடுறாங்க, அந்த ஆயிரம் பேரும் எதைச் சாப்பிடுவாங்கன்னு யோசிக்கிறதே இல்ல. முதல்ல நிலத்தை அளங்க, எத்தனை பேர்னு அதுவே சொல்லிடும்.

டிராக்டர், யூரியா எல்லாம் வராத காலத்து ஊர்னு வச்சுக்குவோம். தினமும் நடந்து போயி வேலை பாக்கணும், எருவையும் சுமக்கணும், அதனால வயல் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுத்துக்குள்ளதான் இருக்கும், அதைத் தாண்டினா நடக்கிறதுலயே தெம்பு போயிடும். அந்த வட்டத்தோட பரப்பு சுமார் 314 ஹெக்டேர். அடேயப்பான்னு இருக்கும், ஆனா மேய்ச்சலுக்கு, விறகுக்கு, பாதைக்கு, பாறைக்குன்னு பாதி போயிடும். மிச்சம் 150, அதுலயும் மூணுல ஒரு பங்கு தரிசா கிடக்கணும். ஆக வெதைக்கிறது 100 ஹெக்டேர்.

மழையை நம்பின கோதுமை, ஹெக்டேருக்கு 600 கிலோன்னா மொத்தம் 60 டன். இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. இடைக்கால ஐரோப்பாவுல ஒரு மூட்டை வெதைச்சா மூணு, நாலு மூட்டை திரும்ப வந்தாலே சரின்னு இருந்த காலம், அப்போ 60-ல 15 டன் அடுத்த வருஷ வெதைக்கே போயிடும், பசிச்சாலும் அதுல கைவைக்க முடியாது. எலிக்கும் பூஞ்சைக்கும் 5, வரிக்கு 5. மிச்சம் 35 டன், ஆளுக்கு வருஷத்துக்கு 250 கிலோன்னா 140 பேர். வீட்டுக்கு அஞ்சு பேர்னா 28 வீடு, அவ்ளோதான் ஊரு! இந்த வீட்டுக்கு அஞ்சுங்கிறது நான் சும்மா போட்டதில்ல, 1086-ல இங்கிலாந்துல எடுத்த நிலக் கணக்கெடுப்புல பெரும்பாலும் குடும்பத் தலைவர்களைத்தான் எண்ணினாங்க, ஆய்வாளர்கள் அதை நாலரையாலயோ அஞ்சாலயோ பெருக்கித்தான் மொத்த ஜனத்தைக் கணிக்கிறாங்க.

இப்போ அந்த 140 பேருக்குள்ள போய்ப் பாருங்க. நாப்பது சதவீதத்துக்கு பக்கமா பதினஞ்சு வயசுக்குக் கீழ, ஏன்னா பிறக்கிற குழந்தைகள்ல பாதி பேர் பெரியவங்க ஆகுறதுக்குள்ளயே இறந்த காலம், பிறப்பு அதிகமா இருந்தாத்தான் ஊரே நிக்கும். வருஷத்துக்கு அஞ்சாறு பிரசவம், ஏறக்குறைய அத்தனை சாவு. வயசானவங்களைக் கழிச்சா தெம்பான ஆம்பளைங்க 35 பேர் தேறுவாங்க, நம்ம கதாசிரியர் அதுலருந்து நூறு வீரர்களை சண்டைக்கு அனுப்புறாரு! பத்து பேர் போனாலே அறுப்புக்கு ஆள் இல்லாம கதிர் வயல்லயே உதிர்ந்துடும்.

கல்யாணமும் சிக்கல்தான். கல்யாண வயசுல பொண்ணுங்க ஆறேழு பேர், பையனுங்க ஆறேழு பேர், அதுலயும் பாதி பேர் நெருங்கின சொந்தம், அப்போ பக்கத்து ஊர்கள் இல்லாம இந்த ஊர் தாங்காது. முழுநேரக் கொல்லன், சத்திரம், கடைத்தெரு எல்லாம் 28 வீட்டை நம்பிப் பிழைக்காது, கொல்லன் இருந்தா அவரும் பாதி நாள் ஏர்தான் ஓட்டுவாரு.

இல்ல சார், எனக்கு 400 பேர் வேணும்னு கேட்டா, வட்டத்தைப் பெருசாக்காதீங்க, ஒரு ஆத்தைக் கொண்டு வாங்க. பாசனத்துல நெல்லுன்னா தரிசு போட வேண்டியதில்ல, வெதைக்கு ஒதுக்குறதும் ரொம்பக் கம்மி, அதே ஒரு கிலோமீட்டருக்குள்ள மூணு மடங்கு ஜனம் தாராளமா வாழும். ஆனா அப்புறம் தண்ணி யாருக்கு முதல்லன்னு சண்டை வரும், அதையும் கதையில சேத்துக்கங்க.