வார்டுக்கு மனநல நர்ஸ் வந்தால் மனநோயா?

அடுத்த கேள்வி ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், டிரிப்ஸைப் பிடுங்கினார். காலையில் மனநலப் பிரிவு நர்ஸ் வந்து பார்த்தார். அப்பாவுக்கு மனநோயா?"

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள்மா. ஆபரேஷனுக்கு முன்னால் நன்றாக இருந்த வயதானவர் ரெண்டு நாளில் இப்படிப் பிதற்றினால் பெரும்பாலும் அது டெலிரியம், நம் பாட்டிமார் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். சிறுநீரில் தொற்று, சோடியம் குறைவு, வலி, நாலு நாளாக வெளிக்குப் போகாதது என்று உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அது தலையில் வந்து தெரிகிறது.

அப்போது மனநல நர்ஸ்களான எங்களுக்கு அங்கே என்ன வேலை? முதல் வேலை கேள்வி கேட்பது. தினமும் குடிப்பாரா என்று வார்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டால் எந்த மனைவியும் இல்லை என்றுதான் சொல்வார், அதனால் வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்போம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், ரெண்டு மூன்று நாளில் இதே மாதிரி பூச்சி, பாம்பு தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சையும் வேறு. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். மருந்தை எழுதுவது டாக்டர்தான், ஆனால் இந்தத் தகவல் போய்ச் சேராமல் அவர் எதை வைத்து எழுதுவார்?

அப்புறம், கையைக் கட்டிப்போடுவது. ராத்திரி டியூட்டியில் ஒரு நர்ஸ் நாற்பது பேரைப் பார்க்கும்போது கட்டத்தான் தோன்றும், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டினால் திமிறல் கூடும். அதற்குப் பதில் கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மெஷினை மாட்டுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று வார்டு நர்ஸுகளுக்கும் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்போம்.

சத்தம் போடுகிறவருக்காவது எங்களைக் கூப்பிடுகிறார்கள். சாப்பிடாமல், பேசாமல் சுருண்டு படுத்திருப்பவரை "தொந்தரவே இல்லாத பேஷண்ட்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் டெலிரியமாக இருக்கலாம்.

உங்கள் அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்து டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்மா. யாரும் திட்ட மாட்டார்கள்.