சுவரை உடைக்கும் முன் பரண்மேல் ஏறிப் பாருங்கள்

வணக்கம். இப்போது என் முதுகுக்குப் பின்னால் தெரிகிறதே, சமையலறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவிலுள்ள இந்தச் சுவர், இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கியிருக்கும் இந்த வீடு 1958-இல் கட்டப்பட்ட ஸ்ப்ளிட் லெவல் வீடு. நான் நிற்பது நடுத்தளம். இங்கிருந்து ஆறேழு படி ஏறினால் படுக்கையறைகள்; ஆறேழு படி இறங்கினால் கராஜும் ஃபேமிலி ரூமும். வாங்கிய அன்றே என் மனைவி இந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து, “இது போய்விட்டால் வீடே விசாலமாகிவிடும்” என்றார். பார்க்க வந்த நண்பர்கள் அனைவரும் அதையே சொன்னார்கள். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் சுவர் எதையும் தாங்காது என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. மரச்சட்டங்களில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டிய அமெரிக்க வீட்டில் எல்லாச் சுவரும் அப்படித்தான் ஒலிக்கும்.

உண்மை தெரிய வேண்டுமானால் பரண்மேல், அதாவது உட்கூரைக்கும் சாய்கூரைக்கும் நடுவிலுள்ள இடத்துக்கு, ஏற வேண்டும். நான் ஏறிப் பார்த்தபோது, வீட்டின் முன்சுவரிலிருந்து வரும் கூரையடிக் குறுக்குச் சட்டங்களும் பின்சுவரிலிருந்து வரும் சட்டங்களும் சரியாக இந்தச் சுவரின் தலையில் சந்தித்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டியபடி ஆணியடிக்கப்பட்டிருந்தன. சுவரோ கூரை முகட்டுக்கு இணையாக ஓடுகிறது. இது சுமை தாங்கும் சுவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். படைவீரர்கள் திரும்பி வந்தார்கள்; 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுக்கு வீட்டுக் கடன் எளிதாகக் கிடைத்தது; வீடுகளை விரைவாகவும் மலிவாகவும் கட்ட வேண்டியிருந்தது. 1949-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டிய லெவிட்டவுன் புறநகரில் விற்கப்பட்ட ரான்ச் வீடு, அதாவது ஒரே தள வீடு, 32 அடிக்கு 25 அடிதான். அந்த அகலத்தைக் கடக்க நீண்ட மரங்களைத் தேடாமல், நடுவில் ஒரு சுவரை நிறுத்திக் குட்டைச் சட்டங்களால் முடிப்பதே சிக்கனம். 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகு உலோகத் தகடு பதித்த டிரஸ் கூரைகள் பரவத் தொடங்கின. உங்கள் பரணில் மூலைவிட்டமாகப் போகும் மரங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னியிருந்தால், உள்சுவர்கள் பெரும்பாலும் சுமையற்றவை. ஆனால் அந்த மூலைவிட்ட மரங்களில் ஒன்றைக்கூட அறுக்கக் கூடாது.

எங்களுடையது டிரஸ் அல்ல. சுவரை எடுத்தால் அந்த இடத்தில் உத்தரம் வேண்டும். அடுக்கு மரத்தால் செய்த எல்விஎல் உத்தரம்தான் இங்கே வழக்கம். அதை உட்கூரைக்குக் கீழே தொங்கவிடுவது எளிது. ஆனால் உட்கூரையின் உயரமே எட்டடி, ஓர் அடி உத்தரம் தொங்கினால் ஏழடிதான் மிஞ்சும். அதனால் எல்லோரும் உத்தரத்தைப் பரணுக்குள் மறைக்கவே விரும்புகிறார்கள். அப்படி மறைக்கச் சட்டங்களை அறுத்து, உத்தரத்தின் இருபுறமும் உலோகத் தாங்கிகளில் மாட்ட வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரங்கள் கூரைச் சுமையால் வெளிச்சுவர்களை வெளியே தள்ளுகின்றன, அந்தத் தள்ளலைப் பிடித்து இழுத்து வைத்திருப்பவை இந்தக் குறுக்குச் சட்டங்களே. அறுத்த சட்டங்களை உத்தரத்தின் மேலாக இரும்புப் பட்டைகளால் மறுபடியும் இணைக்காவிட்டால், சில ஆண்டுகளில் முகடு தொய்யும், சுவர் சாயும். உட்கூரையை அகற்றிக் கோயில் மண்டபம்போல் உயர்த்திக் காட்டும் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மேலே முடிந்தால் கீழே. உத்தரத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தூண்களுக்குச் சுவர் முழுவதும் பரவியிருந்த சுமை வந்து சேர்கிறது. அது தரைப் பலகையில் நின்றுவிடாமல் அடித்தளம்வரை இறங்க வேண்டும். எங்கள் நடுத்தளத்துக்குக் கீழே தவழ்ந்து போகும் உயரத்துக்கே இடமிருக்கிறது. ஒரு தூணுக்கு நேர்கீழே வெறும் மண். அங்கே புதிய கான்கிரீட் அடிப்பாதம் போட வேண்டும். லெவிட்டவுன் ரான்ச் வீடுகளில் இதுவே வேறு வகைத் தலைவலி. அங்கே தரை கான்கிரீட் பலகை; அடிப்பாதம் போட அதை உடைக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் செம்புக் குழாய்களை அதற்குள்தான் புதைத்துக் கட்டினார்கள்.

ஸ்ப்ளிட் லெவலுக்கே உரிய குறை ஒன்றும் பரணில்தான் தெரிந்தது. நடுத்தளத்தின் பரணில் நின்றால், எதிரே இருப்பது படுக்கையறையின் பக்கச்சுவர். அதன் மறுபக்கம் குழந்தையின் கட்டில். இந்தப் பக்கம் ஜூலை வெயிலில் கொதிக்கும் காற்று. நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனே இல்லை. மேல்தளம் ஏன் வெந்தது, கீழ்த்தளம் ஏன் குளிர்ந்தது என்று ஒரு கோடை முழுவதும் தெர்மோஸ்டாட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கீழே ஃபேமிலி ரூம் கார்ப்பெட்டைத் தூக்கியபோது ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளும் கறுப்புப் பசையும் வந்தன. அந்த அளவு ஓட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பது மிகவும் சாதாரணம். சுரண்டாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீடுகளில் ஈயச் சாயம் தடை செய்யப்பட்டது 1978-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய சாயத்தையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் என் அம்மாவுக்கு இந்த வீடே ஒரு படிக்கட்டு. ஒரே தளத்தில் பரந்திருக்கும் ரான்ச் வீட்டை வாங்கியிருக்கலாமே என்று அப்போதெல்லாம் தோன்றும். கீழ்த்தளத்தில் ஒரு முழுக் குளியலறை கட்டி, அவருடைய படுக்கையையும் அங்கேயே போட முடிவு செய்திருக்கிறோம்.

இந்தச் சுவருக்கு வருவோம். பொறியாளரின் வரைபடம் வந்துவிட்டது; டவுன்ஷிப்பில் பர்மிட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். 16 அடிச் சுவரில் 9 அடியை மட்டும் திறக்கிறோம். உத்தரம் சிறியதாகிறது, தூண்கள் மீதிச் சுவருக்குள் மறைந்துவிடுகின்றன. மனைவிக்கு அரை மனதுதான். ஆனால் ஃப்ரிட்ஜை எங்கே வைப்பது என்ற சண்டை அதோடு முடிந்துவிட்டது. அது எஞ்சிய சுவரோரம், இதோ இந்த இடத்தில் நிற்கும்.