3-1 முன்னிலையில் இருந்தும் தோற்றோம்: கோச் விலகியது நியாயமா?

(திரையில்: ஸ்கோர் பலகை மட்டும்)

புவனேஸ்வர் கலிங்கா மைதானம், 2023 ஜனவரி 22. உலகக் கோப்பை ஹாக்கி. 40-வது நிமிடத்தில் இந்தியா 3, நியூசிலாந்து 1. 49-வது நிமிடத்தில் 3-3. அப்புறம் ஷூட்அவுட்டில் 5-4 எனத் தோல்வி. அடுத்த வாரமே கோச் ராஜினாமா!

வணக்கம் மக்களே, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பேசுகிறேன். கிரிக்கெட்டில் தோற்றால் நம்ம ஊர் தட்டுவடை செட் கடையிலேயே கோச்சுக்கு விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள். ஹாக்கி கோச்சுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை, பேரே யாருக்கும் தெரியாது. பேர் கிரஹாம் ரீட், ஆஸ்திரேலியாக்காரர். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் வாங்கித் தந்தவர். 1980-ல் நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றதற்குப் பிறகு, 41 வருஷம் கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. பின்னணி போதும்.

(திரையில்: 23 மீட்டர் கோடு, ஓடும் கடிகாரம்)

ஷூட்அவுட் என்றால் கால்பந்து பெனால்டி மாதிரி பந்தை வைத்து அடிப்பது இல்லை. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவர வேண்டும், எதிரே கோல்கீப்பர் மட்டும். 8 நொடிக்குள் கோல் போட வேண்டும். கீப்பர் சும்மா நிற்க மாட்டார், பாய்ந்து முன்னால் வருவார். இடப்பக்கம் இழுத்து, வலப்பக்கம் திருப்பி, கீப்பர் படுத்ததும் தூக்கிப் போட வேண்டும். அதற்குள் சங்கு ஊதிவிடும். அன்றைக்கு 5 பேர் அடித்தும் சமன், சடன் டெத் வரை போனது, அதாவது ஒரு சுற்றில் ஒரு அணி போட்டு இன்னொன்று தவறவிட்டால் அங்கேயே முடிவு. நடுவில் நம்ம கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்குக் காயம், மாற்றுக் கீப்பர் கிருஷன் பதக் உள்ளே வந்தார். இதில் வெளியே நிற்கிற கோச் என்ன செய்வார்? நகம் கடிப்பார்.

ஷூட்அவுட்டை வைத்துக் கோச்சுக்கு மார்க் போடுவது, 20 கொண்டை ஊசி வளைவையும் ஒழுங்காக ஏற்றி வந்த டிரைவரை, ஏற்காடு ஏரிக்கரையில் பஞ்சர் ஆனதற்குத் திட்டுகிற மாதிரி.

சரி, ரீட் வளைவுகளை ஒழுங்காக ஏற்றினாரா? இல்லை மக்களே. இங்கேதான் நான் ரீட் ரசிகர்களோடு சண்டைக்கு வருகிறேன். நியூசிலாந்து மேட்சுக்கு மூன்று நாள் முன்னால் வேல்ஸுடன் 2-0 என முன்னிலை, பிறகு 2-2, கடைசியில் எப்படியோ 4-2. குரூப்பில் முதலிடம் பிடித்து நேராகக் காலிறுதிக்குப் போக அன்றைக்கு 8 கோல் வித்தியாசம் தேவைப்பட்டது. இரண்டுதான் கிடைத்தது. அதனால்தான் காலிறுதிக்குப் போக நியூசிலாந்தோடு இந்த கிராஸ்ஓவர் மேட்சே, அதாவது கூடுதல் தகுதி மேட்சே, ஆட வேண்டி வந்தது. அதிலும் அதே கதை: 2-0, 3-1, பிறகு 3-3. ஒரே வாரத்தில் இரண்டு முறை இரண்டு கோல் முன்னிலையைக் கோட்டை விட்ட அணிக்கு, முன்னிலையைக் காப்பாற்றப் பயிற்சி போதவில்லை. அது கோச் கணக்கு. நடுக்கள வீரர் ஹர்திக் சிங் காயத்தில் வெளியே போனதும் நடுக்களம் காலியானது நிஜம். அதற்கு மாற்று வைத்திருக்க வேண்டியதும் கோச் வேலைதான்.

ஆனால் ரீட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தோற்றதும் அவர் சொன்னது, இந்த அணிக்கு மனப் பயிற்சிக்கென்று ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். அவர் போன சில மாதத்தில் அந்த ஆள் வந்தார்: பேடி அப்டன், 2011-ல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற அணியோடு இருந்தவர். புதுக் கோச் கிரெய்க் ஃபுல்டனுக்குக் கிடைத்தது, ரீடுக்குக் கிடைக்கவில்லை.

(திரையில்: பாரிஸ், 2024 ஆகஸ்ட் 4)

பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, எதிரணி பிரிட்டன். 17-வது நிமிடத்தில் நம்ம அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிடத்துக்கு மேல் 10 பேரோடு ஆடி 1-1. ஷூட்அவுட்டில் 4-2 வெற்றி! எல்லாரும் ஷூட்அவுட்டைக் கொண்டாடினார்கள். நான் ஃபுல்டனுக்கு மார்க் போடுவது அந்த 40 நிமிடத்துக்கு. ஒரு ஆள் குறைந்த அணி கலைந்து ஓடாமல் நின்றதே, அது மைதானத்தில் திடீரென்று வராது, பயிற்சியில் வரும்.

ரீடுக்கு என் மார்க் நூற்றுக்கு 55. பாஸ், ஆனால் அப்பா கையெழுத்துப் போட யோசிப்பார்.

உங்கள் மார்க்கைக் கமெண்டில் போடுங்கள். சும்மா எண் மட்டும் வேண்டாம்: 3-1 என இருந்தபோது நீங்கள் கோச்சாக இருந்தால் யாரை எங்கே நிறுத்தியிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். நல்ல பதிலை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.