முடிச்சை என்ன செய்வீர்கள், டாக்டர்?

வணக்கம் நேயர்களே. கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்றதும் குடும்பத்தார் பலர் கேட்பது, "வயிற்றைக் கிழிப்பீங்களா, சின்னத் துளை போட்டுச் செய்வீங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. கூடவே இதையும் கேளுங்கள்: "நிணநீர் முடிச்சுகளை என்ன செய்யப் போறீங்க?"

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. கருப்பையிலிருந்து கிளம்பும் புற்றணுக்கள் பெரும்பாலும் இடுப்புக்குள் இருக்கும் இத்தகைய முடிச்சுகளில்தான் முதலில் தங்கும். தங்கியிருக்கின்றனவா என்று தெரிந்தால்தான் அப்புறம் கதிர்வீச்சா, கீமோவா என்று சரியாக முடிவெடுக்க முடியும். மிகச் சிறிய பரவல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

முன்பு முடிச்சுகளை மொத்தமாக எடுப்பது வழக்கம். நிணநீர் வடிய வழியில்லாமல் சிலருக்குக் கால் வீங்கிவிடும்; ஆண்டுக்கணக்கில் இறுக்கமான காலுறையோடு இருக்க வேண்டும். நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு அது பெரும் பாடு. இப்போது கருப்பை வாயில் ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தைச் செலுத்துகிறார்கள். அது போய்ச் சேரும் முதல் முடிச்சு, அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும். அந்தக் காவல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். 2017இல் வெளியான ஃபயர்ஸ் ஆய்வில், சாயம் வழிகாட்டிய பெண்களிடம், முடிச்சுக்குப் பரவியிருந்த நோயில் 97 விழுக்காடு இப்படியே பிடிபட்டது. ஒரு பக்கம் சாயம் ஏறாவிட்டால் அந்தப் பக்கத்து முடிச்சுகளை எடுக்க நேரலாம். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, துளையா, கீறலா? கருப்பையின் உட்சுவரில் வரும் ஆரம்பநிலைப் புற்றுக்குத் துளைவழி தைரியமாகப் போகலாம். 2,600க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், இரு முறையிலும் ஐந்தாண்டுக்குப் பின் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். கருப்பை வாய்ப் புற்றின் கதை வேறு. இரு முறைகளையும் ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வு முடிவுகள் மருத்துவர்களையே உலுக்கின: நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் கீறல் முறையில் 96.5 விழுக்காடு, துளை முறையில் 86. ஆகவே, "திறந்துதான் செய்யணும்" என்று டாக்டர் சொன்னால், அவர் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மாக்களே, மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். மகனிடம் சொல்லக் கூச்சமென்றால் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள்.