சாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் புரோக்கருக்குக் கொண்டாட்டம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, சூடாகப் பேசி முடித்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தோழி அவர்களே, தருமபுரியிலிருந்தும் அரூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பு இதுதான்: பெண் கடத்தலைக் குறைப்பது பாலியல் தொழிலை அடியோடு தடை செய்யும் சட்டமா, அதில் இருக்கும் பெண்ணைத் தண்டிக்காத சட்டமா? நான் இரண்டாவது கட்சி.

தோழி ஓர் ஆராய்ச்சியைத் தூக்கிக் காட்டினார். சோ, டிரெஹர், நியூமேயர் என்ற மூவர் 150 நாடுகள் வரை எடுத்துக்கொண்டு 2013இல் வெளியிட்டது. பாலியல் தொழிலைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளுக்குள் கடத்தல் அதிகம் என்பது அவர்கள் முடிவு. கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அப்படி ஓர் ஆராய்ச்சி இருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அது எதை எண்ணியது என்று தோழி சொல்லவில்லையே! ஐ.நா. அலுவலகம் திரட்டிய அறிக்கைகளிலும் செய்திகளிலும் ஒரு நாட்டின் பெயர் எவ்வளவு அடிபடுகிறது என்பதுதான் அதற்கு அளவுகோல். அதாவது வெளியே வந்த கடத்தல். வராதது கணக்கிலேயே இல்லை. தரவு இப்படிப்பட்டது, ஜாக்கிரதையாகப் படியுங்கள் என்று எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

புகாரே வாங்காத போலீஸ் ஸ்டேஷனின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் திருட்டே இல்லை என்று சொல்வோமா? பெண் வாய் திறந்தால் அவளே உள்ளே போக வேண்டும் என்றிருக்கும் நாட்டில் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். எதிரணிக்கு அது வெற்றியாகத் தெரிகிறது. எனக்கு பயமாக இருக்கிறது.

சரி, அவர்களுடைய வலுவான வாதத்துக்கு வருகிறேன். தொழிலை அனுமதித்தால் சந்தை பெருகும், பெருகிய சந்தைக்கு ஆள் தேவைப்படும், அந்த ஆளைக் கடத்திக்கொண்டு வருவார்கள் என்கிறார்கள். இதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஜெர்மனி 2002இல் தாராளமாகத் திறந்துவிட்டது, 2017இல் பதிவு, உரிமம் என்று இன்னொரு சட்டம் போட்டு இறுக்க வேண்டி வந்தது. ஆனால் பாலியல் தொழில் விடுதி நடத்துபவனுக்கு உரிமம் கொடு என்று எங்கள் அணியில் யார் கேட்டார்கள்? புரோக்கரைப் பிடியுங்கள், லாட்ஜ் முதலாளியைப் பிடியுங்கள், கடத்தப்பட்டவள் என்று தெரிந்தே போகிறவனையும் பிடியுங்கள். அவனைத் தண்டிக்க நம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 144ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பெண்ணை மட்டும் விடுங்கள் என்கிறோம்.

ஸ்வீடனைப் பார் என்று மூன்று முறை சொன்னார் தோழி. பார்த்தேன். 1999இல் அந்த நாடு கொண்டுவந்த சட்டம் காசு கொடுத்து வாங்குகிறவனைத் தண்டிக்கிறது, பெண்ணைத் தண்டிப்பதில்லை. அப்படியானால் ஸ்வீடன் உட்கார வேண்டியது எங்கள் பக்கத்து நாற்காலியில், நடுவர் அவர்களே!

இப்போது நம் ஊர்ச் சட்டம். விபசாரத்துக்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுக்க வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை 1986இல் திருத்தினார்கள். அதன் 8ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஆள் அழைத்தாள் என்று முதல் முறை பிடிபடும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை. பெண்ணைக் காப்பாற்ற வந்த சட்டம் பெண்ணுக்கே இரட்டிப்பாகக் கொடுக்கிறது. இதை எழுதியவர்களுக்கு வீட்டில் சாப்பாடு போட்டார்களா என்று தெரியவில்லை.

மலையோரக் கிராமத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மில் வேலை, பெங்களூரில் வீட்டு வேலை, முன்பணம் இவ்வளவு என்று தெரிந்தவர் ஒருவரே கூட்டிப் போகிறார். ஓசூரைத் தாண்டியதும் ஆதாரும் போனும் அவர் கைக்குப் போய்விடுகின்றன. முன்பணம் கடனாகிறது. தப்பி ஓடலாமே என்றால், புரோக்கர் சொல்வது ஒன்றுதான்: "போ, போலீஸுக்குப் போ. உன்னைத்தான் முதலில் உள்ளே வைப்பார்கள்." இதில் கொடுமை என்ன தெரியுமா? அவன் பொய் சொல்லவில்லை. ரெய்டில் அவள் பிடிபட்டால் ஜாமீன் எடுப்பதும் அவனே. அந்தச் செலவும் கடனில் ஏறும். அரசாங்கம் சம்பளம் கொடுக்காமலே அவனுக்குக் காவலாளி வேலை பார்க்கிறது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. விருப்பப்பட்டு இத்தொழிலில் இருக்கும் வயதுவந்தவர்களை ரெய்டின்போது கைது செய்யவோ தண்டிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்று உத்தரவிட்டது. விடுதி நடத்துவது மட்டும் குற்றமாகவே இருக்கிறது. எங்கள் அணி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் 8ஆம் பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறதே!

கடத்தல் வழக்கில் முதல் சாட்சி அந்தப் பெண்தான். அவளைக் குற்றவாளி ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு? அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. விஷயம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1992 ஜூனில் அந்த மலைக்கிராமத்தில் அரசு ஊழியர்களால் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, முதலில் சிறைக்குப் போனவர்கள் யார்? சந்தனமரக் கடத்தல் என்று வழக்குப் போட்டு அந்த ஊர்ப் பெண்களையே உள்ளே தள்ளினார்கள். அவர்கள் சொன்னது நிரூபணமாக 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று இதே தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஊரே சேர்ந்து நின்றும் 19 வருடம். பெங்களூரில் பூட்டிய அறைக்குள் தனியாக இருப்பவளுக்கு எத்தனை வருடம்?

நியூசிலாந்து 2003இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. உடனே எதிரணி அடுத்து எழுந்து, அங்கேயும் சுரண்டல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் மட்டும் இத்தொழில் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் ஒரு ஓட்டை வைத்திருக்கிறது. அந்தப் பெண்கள் புகார் கொடுத்தால் நாடு கடத்தப்படுவோம் என்று பயப்படுகிறார்கள். வாயை மூடவைக்கும் பயம் எங்கே மிச்சமிருக்கிறதோ, அங்கேதான் சுரண்டுபவனும் மிச்சமிருக்கிறான்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி: பெண்ணுக்கு ஆறு மாதம் கொடுப்பதால் புரோக்கர் எந்த வழியில் மாட்டுவான்? அந்த வழியைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.