கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்குமா?

வண்டன்மேட்டிலிருந்து ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "சார், எங்க தாத்தா கம்பத்துல நெல்லு போடுறாரு. லோயர் கேம்ப்புல கரண்ட் எடுத்துட்டுத்தான் தண்ணி விடுறாங்க, வெண்ணெய் எடுத்த மோர் மாதிரி அதுல சத்து இருக்காதுன்னு சொல்றாரு. உண்மையா?"

எவ்வளவு அழகான கேள்வி! வந்ததிலிருந்து மனசு இதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாப்பா, தாத்தா சொல்வதில் பாதி சரி. தண்ணீரிடமிருந்து ஒன்றை எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எடுப்பது சத்தை அல்ல, உயரத்தை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை டர்பைன், அதாவது தண்ணீர் மோதிச் சுற்றுகிற சக்கரம், ஒன்றும் செய்யாது. வண்டல் குறைந்திருந்தால், அது அணையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் குமுளி மலை ஏறினால், பெரிய இரும்புக் குழாய்களைப் பார்க்கலாம். அதற்குள் இறங்குகிற தண்ணீர்தான் கீழே லோயர் கேம்ப் மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. மேலே இருந்தது கீழே வந்துவிட்டது, அது இழந்தது அவ்வளவுதான்.

கரண்ட் எடுக்காமல் விட்டாலும் கீழே வந்துதானே ஆக வேண்டும்? குழாயில் விடாமல் இரைச்சல் பாலம் என்கிற இடம் வழியாகத் திறந்து விடும்போது பாருங்கள், அந்த உயரம் எல்லாம் சத்தமாகவும் நுரையாகவும் போய், கடைசியில் துளி சூடாகத் தண்ணீரிலேயே தங்கும். 427 மீட்டர் விழுந்தால் சூடு ஒரு டிகிரி ஏறும், அவ்வளவுதான். அதே உயரத்தைக் கரண்டாக எடுத்தால்? ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுமார் 370 மீட்டர் இறங்கினால், துளியும் வீணாகாவிட்டால், ஒரு யூனிட் கிடைக்கும். திரும்பவும் சொல்கிறேன், எடுப்பது உயரத்தை. ஒரு யூனிட்டுக்கு ஆயிரம் லிட்டர் மலை இறங்க வேண்டும் என்று தெரிந்தால், ஆளில்லாத அறையில் ஃபேன் ஓட விட மனசு வருமா?

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். டர்பைன் சுற்றினால் கரண்ட் எப்படி வருகிறது? அதோடு சேர்ந்து ஜெனரேட்டருக்குள் காந்தமும் சுற்றுகிறது. கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கரண்ட் வரும் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தார். குமுளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டப் போனபோது, கியர் வைத்த சின்ன மோட்டார் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மோட்டாரைக் கையால் சுற்றினால் அதுவே கரண்ட் தரும் ஜெனரேட்டர் ஆகிவிடும். ஒயர்களைச் சேர்க்காமல் சுற்றினால் லேசாகச் சுற்றும். அதன் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துச் சுற்றினால், கனக்கும்! "உள்ளே யாரோ பிடிக்கிறாங்க சார்" என்றான் ஒரு பையன். பிடிப்பது கரண்ட்தான். சுருளில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருளே காந்தமாகி, சுற்றுவதை எதிர்க்கிறது. 1834இல் லென்ஸ் சொன்ன விதி இது. வீட்டில் செய்து பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

பாப்பா, நீ அடுத்து கேட்க வேண்டியது இதுதான்: சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட் போடுகிறார்களே, அது மலையடிவாரத்தில் இருக்கிற டர்பைனுக்கு எப்படித் தெரியும்? யாரும் போன் பண்ண வேண்டாம். கரண்ட் கூடுதலாக ஓடியதும் சுற்றுவது கனக்கும், வேகம் துளி குறையும். ஒரே வலையில் இணைந்த எல்லா ஜெனரேட்டருக்கும் அப்படித்தான். அந்தக் குறைவைக் கண்டதும் கவர்னர் என்கிற கருவி தண்ணீர் வாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும்.